சும்மா இருந்த ஏழு நாட்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதுவதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. எங்கள் டாக்டர் மேடம் போன மாதம் ஓர் அறிக்கை தயார் செய்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒரு வரியை மட்டும் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "கருவியை அணியும் முறை நோயாளிகளுக்கு விளக்கப்பட்டது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். விளக்கியது நான்தான். நான் விளக்கிய லட்சணத்தில் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் பூட்டு விழப் பார்த்தது. அறிக்கையில் அதற்கு இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வந்து போகிறேன். முதலில் டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, கதவைத் திறந்து மூடுவது என்றுதான் வேலை. பிறகு டாக்டர் நடமாட்டத்தை அளக்கும் பெட்டிகளை வாங்கினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பாக இருக்கும். எலாஸ்டிக் பட்டையில் கோத்து இடுப்பில் கட்ட வேண்டும். கட்டியவர் நடந்தால், குனிந்தால், உட்கார்ந்தால் எல்லாம் உள்ளே பதிவாகும். ஏழு நாள் கழித்துக் கணினியில் செருகினால் கோடு கோடாக வரும்.

தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளப்பது எங்களிடம் முன்பிருந்தே உண்டு. ஆனால் டாக்டர் பார்க்கிறார் என்றால் எல்லாரும் பரீட்சை எழுதுவது போல நடப்பார்கள். மூச்சு வாங்கி உதடு கறுத்தாலும் நிற்க மாட்டார்கள். "இங்க நடக்கறத வெச்சு நான் என்ன பண்றது? வீட்ல என்ன பண்றாங்கன்னு தெரியணும்" என்பார் டாக்டர். நாள்பட்ட மூச்சு நோய் வந்தவர்கள் மூச்சு வாங்குமே என்று பயந்து நடமாட்டத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் கால் சதை கரையும். சதை கரைந்தால் இரண்டு அடி எடுத்து வைப்பதற்கே மூச்சு வாங்கும். பிறகு அந்த இரண்டு அடியும் நின்றுபோகும். யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மருந்தும் பயிற்சியும் சரியாகக் கொடுக்க முடியும் என்று எனக்கு விளக்கினார்.

பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவது, தினமும் மாலையில் போன் செய்து "இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள்" என்று கேட்டு ஒரு தாளில் எழுதுவது, எட்டாம் நாள் பெட்டியை வாங்கி வருவது, இதெல்லாம் என்னிடம் வந்தது. தாளில் ஏழு கட்டங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நாமாக எதுவும் சேர்க்கக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு.

ஆரம்பத்தில் எத்தனையோ கூத்து. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் நாள் முழுக்க ஸீட்டை விட்டு இறங்காதவர். அவர் பெட்டியைப் பார்த்தால் திருப்பதிக்கு நடந்துபோய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எல்லாம் சாலையில் இருந்த பள்ளங்கள். கோவளத்தில் ஒரு பாட்டியம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது பேசறதக் கேக்குமா? எங்க வூட்டு மருமவளப் பத்தி நான் சொல்றதெல்லாம் டாக்டருக்குப் பூடுமா?" என்று கேட்டார். கேட்காது என்று நான் சொன்ன பிறகு அரைமணி நேரம் பேசினார்.

அப்போதுதான் ஒருவர் பெட்டியோடு கிணற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வந்தார். பெட்டி செத்துப்போனது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாமான் கணக்குப் பார்க்கும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் அதன் விலையைச் சொல்லிக் கேட்டார். அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அடுத்த நாளிலிருந்து பெட்டியைக் கட்டிவிடும்போது அச்சடித்த தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: "தண்ணி படக்கூடாது. ரொம்ப விலை."

அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது எங்கள் தாழ்வாரத்தில். அறுபதைத் தாண்டியவர். ஒடிசலான உடம்பு. பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். மூச்சுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள். பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதியதுதான். பக்கத்தில் மகன் நின்றிருந்தார். ஓர் ஐ.டி. கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிகளை மேற்பார்க்கும் வேலை. கேளம்பாக்கத்தில் நான்காவது மாடியில் ஃபிளாட்.

"ஆறு மாசத்துல ரெண்டு தபா அட்மிஷன். இன்னமும் தனியாத்தான் இருப்பேன்னு அடம் புடிச்சா எப்டிமா?" என்றார் மகன்.

"உன் வூட்ல வந்து இன்னா பண்றது? பால்கனில குந்திகினு கீழ போற காரை எண்ணிகினு இருக்கவா?"

"எண்ணு. தப்பா எண்ணினா நான் கோச்சிக்க மாட்டேன்."

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க ரொம்ப நேரம் ஆனது. மகன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டர் இடுப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "சரிமா, பஞ்சாயத்தே வேணாம். ஏழு நாள் மிஷின் சொல்லட்டும். உன்னால முடியுதுன்னு சொல்லிச்சின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா வூட்டப் பூட்டிட்டு என்னோட வந்துடணும்."

அந்த அம்மா டாக்டரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி நைனா" என்றார்.

வீடு சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு கிராமம். முன்னால் இரண்டு அறை வைத்த பழைய வீடு. பின்னால் சிமெண்டு ஷீட் போட்டு வரிசையாக ஆறு அறைகள். தொழிற்பேட்டையில் ஷிஃப்டு பார்க்கும் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். வடக்கத்திப் பையன்கள் பாதி, தென் மாவட்டத்துப் பையன்கள் பாதி. நான் போனது பதினோரு மணிக்கு. ஒரு பையனும் கண்ணில் படவில்லை. சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் ராத்திரி ஷிஃப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். முற்றம் பளிச்சென்று இருந்தது. அதை நான் பார்த்தேன். ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை.

"வா நர்ஸம்மா."

"நர்ஸு இல்லம்மா. ஹெல்ப்பர்தான்."

"எனுக்கு ஒத்தாசை பண்ண வந்தவங்க அல்லாரும் நர்ஸுதான்" என்று மோர் கொடுத்தார்.

பெட்டியை எப்படிக் கட்டுவது, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டினேன். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம் என்றேன். கடைசியில் என் வாக்கியத்தையும் சொன்னேன். அந்த அம்மா பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "பத்தரமா பாத்துக்கறேன் கண்ணு. ஒரு பொட்டு ஈரம் படாது" என்றார்.

அன்று மாலையிலிருந்து போன் செய்தேன்.

"இன்னிக்கு என்ன வேலம்மா செஞ்சீங்க?"

"இன்னா வேல? சும்மாதான் கீறேன்."

எழுதினேன்: சும்மா.

மறுநாளும் அதே. மூன்றாம் நாள் கொஞ்சம் துணிந்து, "எங்கியாவது நடந்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்க போறது கண்ணு? தெருமுனைக்குக்கூட போவல. வாடகை வருது, மவன் பாத்துக்கறான், நான் சும்மா குந்திகினு கீறேன்." அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முகம் தெரியாமல் ஒருவரைத் துருவுவது போலத் தோன்றும். ஏழு கட்டத்திலும் 'சும்மா' என்றே எழுதி முடித்தேன். அப்படியே எழுது என்று சொல்லியிருந்தார்களே என்று மனசுக்குள் சமாதானம் வேறு.

எட்டாம் நாள் காலையில் அவர்களுக்கு டாக்டரிடம் நேரம் கொடுத்திருந்தது. மகன் காரில் வந்து அம்மாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. பெட்டியை வாங்கப் போன எனக்கும் அன்று அந்த ஊர் பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஏழு மணிக்கெல்லாம் அங்கே போய் நின்றேன்.

முன்கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. பின்பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். அந்த அம்மா தொட்டியிலிருந்து இரண்டு பக்கெட்டில் தண்ணீர் மொண்டு பின்னால் இருந்த குளியலறை டிரம்முக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். பக்கெட்டில் பாதி பாதிதான் இருந்தது. ஏழெட்டு அடி வைப்பார், பக்கெட்டை இறக்குவார். சுவரில் கையை ஊன்றி, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து மூச்சை விடுவார். மறுபடி தூக்குவார். அவசரம் ஒன்றும் இல்லை. எங்கே இறக்க வேண்டும் என்பதுகூட அவருக்குப் பழகியிருந்தது; அந்த இடங்களில் தரை ஈரமாக வட்டம் வட்டமாக இருந்தது. ஆறு அறை வாசலும் பெருக்கித் தண்ணீர் தெளித்தாகியிருந்தது. துவைத்த மிதியடிகள் கொடியில் காய்ந்தன.

என்னைப் பார்த்ததும், "சீக்ரம் வந்துட்டியே. இரு, நாஸ்தா துன்னலாம்" என்றார்.

என் கண் அவருடைய இடுப்புக்குப் போனது. பட்டை இல்லை.

"அம்மா, பெட்டி எங்க?"

"உள்ள பத்தரமா கீது." அழைத்துப் போய்ப் பிரிட்ஜின் மேலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். அரை டப்பா அரிசி. அதன் மேல் மடித்த கைக்குட்டை. கைக்குட்டைக்குள் எங்கள் பெட்டி. "போனு தண்ணில வுழுந்தா அரிசில போடுவாங்க இல்ல? வுழுந்தப்புறம் போடறதவிட மின்னாடியே போட்டா ஈரமே அண்டாது. தண்ணி வேல அல்லாம் முடிச்சி, குளிச்சி, பத்து பத்தரைக்கு நல்ல பொடவ கட்டிகினு இதையும் கட்டிக்குவேன். அப்புறம் மறுநாள் விடியற வரைக்கும் கழட்டினதே இல்ல. தூங்கறப்போகூட."

ரொம்பப் பெருமையாகச் சொன்னார். விடிந்ததிலிருந்து பத்தரை வரை அந்த அம்மா செய்ததெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. குளித்து முடித்து, நல்ல புடவை கட்டி, டிவி முன்னால் உட்கார்ந்தது மட்டும்தான் தெரியும். தாளிலும் அதுதான் இருந்தது.

சொல்லியிருக்கலாம். அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் மகனின் கார் வந்துவிட்டது.

காரில் பின் ஸீட்டில் அந்த அம்மாவும் நானும். மகன் ஓட்டிக்கொண்டே பேசினார். கிழக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து வைத்திருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்றும் சொன்னார். பிறகு என்னிடம், "யக்கா, போன மழைல ஒரு நாள் அம்மா போன் பண்ணாங்க. நான் அம்மா அம்மான்றேன். பதில் இல்ல. வெறும் மூச்சு மட்டும் கேக்குது. அங்கேர்ந்து வண்டிய எடுத்துகினு வர வரைக்கும் அந்த மூச்ச காதுல வெச்சிகினே வந்தேன். நின்னுதுன்னா இன்னா பண்றது?" என்றார். அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் மடியில் இருந்த தாளைப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஏழு சும்மா. இந்த வேலைக்கு வருவதற்கு முன் நானும் யார் என்ன கேட்டாலும் அதையே சொன்னவள். இரண்டு பிள்ளை, படுத்த படுக்கையாக மாமியார், இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். "என்னா பண்றே?" என்று கேட்டால், "வூட்ல சும்மாதான்." அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தும் எழுதினேன்.

டாக்டர் அறையில் பெட்டியைச் செருகினார்கள். திரையில் ஏழு நாளும் வரிசையாக வந்தது. காலை முழுக்கத் தரையோடு தரையாக ஒரு கோடு. பத்தரைக்குமேல் அங்கங்கே சின்னச் சின்ன மேடு.

"ராத்திரி கழட்டினீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர். நிறையப் பேர் படுக்கும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். அதனால் அவர் எப்போதும் அதைத்தான் கேட்பார்.

"இல்லவே இல்ல டாக்டரம்மா. சத்தியமா கழட்டல."

டாக்டர் என் தாளைப் புரட்டினார். "காலைல அசைவே இல்லியே. எழுந்திருக்கவே முடியலியா?"

அந்த அம்மா திரையைப் பார்த்தார். அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "முடியுது… நான் பாட்டுக்கு எதுனா பண்ணிகினுதான் கீறேன்…" என்று இழுத்தார். பிறகு, "மிஷினு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மகன் ஜெயித்தது போலப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அதாம்மா. நான் வேணும்னா சொல்றேன்?"

"இந்த அளவுக்கு நடமாட்டம் இல்லன்னா தனியா விடறது எனக்கும் சரியா படல" என்றார் டாக்டர்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டுவிட்டார். வீட்டுச் சாவி இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் கதவோரம் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே டாக்டர், அவரிடம் படிக்கும் இரண்டு பேர், அம்மா, மகன். ஐந்து பேர்.

"மேடம், அது அரிசில இருந்துச்சு" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "எது?"

"பெட்டி. காலைல எல்லாம் அரிசி டப்பால இருந்துச்சு. அம்மா தண்ணி வேல செய்யறப்ப ஈரம் படும்னு கழட்டி வெச்சிடுவாங்க. நான் பாத்தேன்."

"கழட்டலன்னு சொன்னாங்களே?"

"நீங்க ராத்திரி பத்திதான் கேட்டீங்க மேடம்."

படிக்கும் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டாக்டர் அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தார். "தண்ணி வேலைக்குக் கழட்டுன்னு இதுல இல்லியே."

"இல்ல மேடம். தண்ணி படக்கூடாது, ரொம்ப விலைன்னு நான்தான் சொன்னேன். நானா சொன்னது." வேலை போய்விடும் என்று நினைத்தேன். எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் கோபப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். முகம் சிவந்தது. பேனா மூடியை இரண்டு முறை திறந்து மூடினார். பிறகு, ஒரு புதுத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. நேத்து ஒரு நாள மட்டும் திரும்பக் கேளுங்க. இப்பவே."

உட்கார்ந்தேன். 'என்ன வேலை செய்தீர்கள்' என்று எழுதியிருந்த வரியைப் பார்த்தேன். அதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

"அம்மா, நேத்து காலைல ஆறு ரூம் வாசலயும் யாரு பெருக்கினது?"

"நான்தான். வேற யாரு?"

"எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்கு. பாதியில ஒரு வாட்டி குந்திக்குவேன்."

"தண்ணி?"

"மோட்டாரு போட்டு தொட்டிய ரொப்புவேன். அப்புறம் டிரம்முக்கு பக்கெட்ல. எட்டு நடை, ஒம்போது நடை ஆவும். பசங்க டூட்டி முடிச்சி வந்தா குளிக்கணும் இல்ல?"

மகன் நிமிர்ந்தார். "அதுக்கு ஒரு ஆள் வெச்சிருக்கேன்னு சொன்னியேமா?"

"அவ நின்னு ஒரு வருசம் ஆவுது நைனா."

"ஒரு வருசமா?"

"சொன்னா நீ கத்துவ."

"இப்ப மட்டும் இன்னா, கொஞ்சுவேனா? மூச்ச வெச்சிகினு பக்கெட்டு தூக்கறியே, கீழ வுழுந்தா அந்தப் பசங்க ஷிஃப்டு முடிஞ்சி வந்துதான் பாப்பானுங்க!"

"வுழல இல்ல?"

டாக்டர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். "நீங்க கேளுங்க" என்றார் என்னிடம். கேட்டேன். பாத்ரூம் கழுவுவது, சமையல், பாத்திரம், மிதியடி துவைப்பது, ராத்திரி ஷிஃப்டுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. கட்டம் நிரம்பி ஓரத்திலும் எழுதி, தாளைத் திருப்பிப் பின்னாலும் எழுதினேன். அந்த அம்மாவே தாளை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் எழுதணுமா? இது வூட்டு வேலதானே?" என்றார்.

"மறுபடி ஏழு நாள் கட்டலாம்" என்றார் டாக்டர். "அது வரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாம்." "சரி மேடம்" என்றார் மகன். வெளியே போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபமா நன்றியா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

இந்த முறை பெட்டியைக் கட்டும்போது தண்ணீர் தெறித்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொன்னார். ஆனாலும் அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த வாரம் மாலையில் நான் போன் செய்தபோதெல்லாம் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்காம் நாள் அவரே முந்திக்கொண்டு, "எழுதிக்கோ, இன்னிக்கு கக்கூஸ் கழுவினேன்" என்று ஆரம்பித்தார். இதற்கு முன் என் வாக்கியத்தைக் கேட்ட மற்ற நோயாளிகள் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்டதில், பெண்களில் பாதிப் பேருக்குமேல் பெட்டியைக் கழற்றித்தான் வேலை செய்திருந்தார்கள். சாமி படத்தின் பக்கத்தில் வைத்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் இரண்டாம் முறை கட்டினோம். டாக்டருக்கு ஒரு மாதம் வீண்.

இரண்டாவது ஏழு நாளின் கோடு வந்தபோது நானும் திரையின் பக்கத்தில் நின்றேன். காலை முழுக்கக் குச்சி குச்சியாக எழும்பி எழும்பி இறங்கியது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தபோது எனக்குச் சுவரில் ஊன்றிய கை தெரிந்தது.

டாக்டர் மகனுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். "இவங்களுக்கு இருக்கற நுரையீரலுக்கு இவ்ளோ நடமாட்டம் நான் எதிர்பார்க்கல. இதுதான் இவங்கள நிக்க வெச்சிருக்கு. உங்க ஃபிளாட்ல இது இருக்காது. ஆறு மாசத்துல கால் விட்டுப்போகும். அதே சமயம் இதோ பாருங்க, பக்கெட் தூக்கற நேரம். இது கூடாது. இங்கதான் என்னிக்காவது விழுவாங்க."

"அப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"அங்கியே இருக்கட்டும். பக்கெட்ட மட்டும் நிறுத்துங்க. வாரம் ரெண்டு நாள் இங்க மூச்சுப் பயிற்சிக்கு வரட்டும்."

"நான் சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்" என்றார் மகன். "ஆனா மழை மாசம் ரெண்டும் என் வூட்லதான். அதுல பேச்சே கெடயாது."

"ஒரு மாசம்" என்றார் அம்மா.

"ரெண்டு."

"ஒன்ற மாசம். மூணாவது வாரம் காரை எண்ணி முடிச்சிடுவேன்."

மகன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டார். மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தெனம் காலைல எட்டு மணிக்கு எனுக்கு போன் பண்ணணும். பேசணும். மூச்சு மட்டும் வுட்டா போதாது" என்றார். அந்த அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு வரைக்கும் மூச்சு வாங்க ஒரு தடவைதான் நின்றார்.

மறுநாள் மகன் ஒரு நீளமான ரப்பர் குழாய் வாங்கி வந்து, தொட்டியிலிருந்து குளியலறை டிரம் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார் என்று அந்த அம்மா போனில் சொன்னார். நான் அன்று கோவளத்தில் வேறொருவருக்கு, விலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.